பேசினால் பிள்ளை ஊமையாகுமா?



ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என்னிடம் நேரில் கேட்க வெட்கம். அடுப்படியில் என் மனைவியிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகுதான் விஷயம் என்னிடம் வந்தது.

அவருடைய பிள்ளைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. கணவனும் மனைவியும் சேரும் நேரத்தில் பேசினால் பிறக்கிற பிள்ளை ஊமையாகும் என்று உறவுக்காரப் பெரிய மனுஷி ஒருவர் சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை, "கிதாபிலேயே இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பெண்ணுக்கும் கணவனோடு நாலு வார்த்தை பேசியது ஞாபகத்தில் இருக்கிறது. தன் வாயால்தான் தன் பிள்ளையின் வாய் கட்டப்பட்டது என்று நம்பி, இரண்டு வருடமாக அவர் கணவனின் பக்கத்தில் வாயே திறப்பதில்லை. கணவர் என்ன கேட்டாலும் பதில் இல்லை. அவரும் இப்போது கேட்பதை விட்டுவிட்டார்.

"அப்படி எதுவும் இல்லை" என்று ஒரு வரியில் பதில் சொல்லியனுப்பியிருக்கலாம். ஆனால் இதே மௌனம் இன்னும் பல வீடுகளில் வெவ்வேறு காரணங்களுக்காகக் குடியிருக்கிறது என்பதை நான் அறிவேன். எனவே வெட்கப்படத்தக்க விஷயமாயிற்றே என்று ஒதுக்காமல் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் அந்தக் "கிதாபை"ப் பார்ப்போம். அந்தப் பெரிய மனுஷி பொய் சொல்லவில்லை. அப்படியொரு அறிவிப்பு உண்டு. பெண்களுடன் சேரும் நேரத்தில் அதிகம் பேசாதீர்கள், அதனால் ஊமைத்தனமும் திக்குவாயும் உண்டாகும் என்ற கருத்தில் இப்னு அஸாகிர் (ரஹ்) அதைப் பதிவு செய்திருக்கிறார். ஹிஜ்ரி 620இல் மறைந்த இமாம் இப்னு குதாமா (ரஹ்) தமது 'அல்முக்னீ'யில் இதைக் கொண்டுதான் அந்த நேரத்தில் அதிகம் பேசுவது மக்ரூஹ் என்று எழுதுகிறார். ஆனால் இந்த அறிவிப்பின் தொடர் மிகவும் பலவீனமானது. 1999இல் மறைந்த ஷெய்க் அல்பானீ அவர்களும் அவ்வாறே முடிவு சொல்லியிருக்கிறார். இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு செய்தி, பார்த்தால் பிள்ளை குருடாகும் என்பது. அதை இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இட்டுக்கட்டப்பட்டவைகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மக்ரூஹ் என்று எழுதியவர்களும் "அதிகம் பேசுவது" என்றுதான் எழுதினார்கள். மக்ரூஹ் ஹராமும் அல்ல. அந்த "அதிகம்" என்ற சொல் வாய்க்கு வாய் மாறி வரும்போது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. எங்கள் பெண்களிடம் வந்து சேர்ந்தது வெறும் பயம் மட்டுமே.

ஒரு விஷயத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். மனைவியை மிருகத்தைப் போல் அணுகாதீர்கள், முத்தமும் பேச்சும் இருவருக்குமிடையே தூதாக இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு ஹதீஸை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் திருமண ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில் கொண்டுவருகிறார். மேடைகளில் அதை நாமெல்லாம் ஆசையாகச் சொல்கிறோம். இஹ்யாவின் ஹதீஸ்களை ஆராய்ந்த இமாம் இராக்கீ (ரஹ்) அதையும் ஏற்கத்தக்கதல்ல என்றே குறித்திருக்கிறார். பிடிக்காத பலவீனத்தைத் தள்ளிவிட்டு, பிடித்த பலவீனத்தை எடுத்துக்கொள்வது நியாயமல்லவே! ஆகவே இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, உறுதியானவற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஸூரத்துல் பகராவின் 187ஆவது வசனம் நோன்பு இரவுகளில் கணவன் மனைவி சேர்வதை ஆகுமாக்குகிறது. அங்கே அல்லாஹ் தேர்ந்தெடுத்த சொல் 'ரஃபஸ்'. அரபுக் கல்லூரியில் இந்த இடத்தில் உஸ்தாத் சற்று வேகமாகப் போய்விடுவார், நாங்களும் தலையைக் குனிந்துகொள்வோம்! பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தச் சொல்லின் மூலம் ஒரு பேச்சு. ஆணும் பெண்ணும் தம் உறவு பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுக்குத்தான் முதலில் ரஃபஸ் என்று பெயர். அந்தப் பேச்சிலிருந்து உறவுக்கே அது பெயராயிற்று என்று மொழி அறிஞர்கள் விளக்குகிறார்கள். அதே ஸூராவின் 197ஆவது வசனம் ஹஜ்ஜில் ரஃபஸ் கூடாது என்கிறது. இப்னு அப்பாஸ் (ரழி) போன்றோர் பெண்களிடம் அது பற்றிப் பேசுவதும் அதில் அடங்கும் என்று விளக்கினார்கள். இஹ்ராமில் இருக்கும்போது அந்தப் பேச்சு விலக்கப்படுகிறது என்றால், மற்ற நாட்களில் கணவன் மனைவிக்கிடையே அது வழக்கமாக இருப்பதுதான் என்றாகிறது அல்லவா? இல்லாத ஒன்றை யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஜாபிர் (ரழி) அவர்களின் சம்பவத்தைப் பாருங்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவர் ஏற்கனவே மணமான ஒரு பெண்ணை முடித்தபோது, ஒரு கன்னியை முடித்திருந்தால் நீ அவளோடும் அவள் உன்னோடும் விளையாடலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஓர் அறிவிப்பில், ஒருவரையொருவர் சிரிக்க வைக்கலாமே என்றும் வருகிறது. தகப்பன் உஹதில் ஷஹீதாகி விட்டுச்சென்ற தங்கைமாரைப் பராமரிக்க அனுபவமுள்ள ஒருத்தி தேவைப்பட்டதாக ஜாபிர் சொன்னதும், அதை நபியவர்கள் அங்கீகரித்தார்கள். கன்னியோ விதவையோ, நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்தச் சிரிப்பை மட்டும்தான். வாய் திறக்காமல் ஒருவரை எப்படிச் சிரிக்க வைப்பது?

இப்போது நமது மலையகத்துக்கு வருவோம். "ஹஸ்ரத், இதெல்லாம் பெரிய வீடு உள்ளவர்களுக்கு" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான். நம் பகுதியில் மௌனத்துக்குக் காரணம் கிதாபை விடச் சுவர்தான். தோட்டத்து லயக் காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதே இல்லை. அந்த ஒரே காம்பராவில் பிள்ளைகள், சில நேரம் மாமியார், இஸ்தோப்பில் மாமனார். 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் வந்தும் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் வெள்ளைக்காரன் காலத்து லயங்களில்தான் இருக்கின்றன. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை நகரங்களில் கடைக்கு மேலே பலகைத் தட்டி வைத்துப் பிரித்த அறையில் குடும்பம் நடத்துபவர்களின் நிலையும் பெரிய வித்தியாசமில்லை.

ஒரு சகோதரி என் மனைவியிடம் சொன்னாராம்: "நாங்க பேசுறது மழைக்குத்தான். தகரத்துல மழை கொட்டுற நேரம் யாருக்கும் கேக்காது." அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, மனதுக்குள் ஏதோ செய்தது. மே, ஜூன் மாதங்களில் நமது பகுதியில் மழைக்குக் குறைவில்லை. மற்ற மாதங்களில்?

நபி (ஸல்) அவர்களின் மனைவிமார் இருந்த அறைகளும் மாளிகைகள் அல்ல. அவற்றின் கூரையைக் கையால் தொடலாம் என்று ஹஸன் பஸரீ (ரஹ்) சொல்லியிருக்கிறார்கள். நபியவர்கள் இரவில் தொழும்போது ஆயிஷா (ரழி) காலை மடக்கினால்தான் ஸுஜூது செய்ய இடம் கிடைக்கும். விளக்கும் இருக்கவில்லை. இது புகாரியில் உள்ளது. அதே புகாரியில் அந்த அறையின் பேச்சும் பதிவாகியிருக்கிறது. பஜ்ருடைய ஸுன்னத்தை முடித்துவிட்டு, ஆயிஷா விழித்திருந்தால் அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நீ என்னோடு சந்தோஷமாக இருக்கும்போதும் கோபமாக இருக்கும்போதும் எனக்குத் தெரியும் என்று சொல்லி, சத்தியம் செய்யும்போது நீ "முஹம்மதின் இறைவன்" என்கிறாயா "இப்ராஹீமின் இறைவன்" என்கிறாயா என்பதை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்றார்கள். மனைவி சொல்லும் ஒரு சொல் மாறினாலும் கவனிக்கிற காது அது.

ஒரே காம்பராவில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் ஸூரத்துந் நூரின் 58ஆவது வசனத்தைத் தங்களுக்கே இறங்கியதாக எடுத்துக்கொள்ளலாம். பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டுச் சிறுவர்களும் அனுமதி கேட்டே பெற்றோரிடம் வரவேண்டும். அன்று மக்களின் வாசல்களில் திரைகூட இருக்கவில்லை, அதனால்தான் இந்தக் கட்டளை என்று இப்னு அப்பாஸ் (ரழி) விளக்கியது அபூதாவூதில் உள்ளது. ஆகவே ஒரு கயிறும் ஒரு பழைய சாரியும் போதும். திரை ஒன்றைக் கட்டுங்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு "வாப்பா, உம்மா" என்று கூப்பிட்டுவிட்டு வரப் பழக்குங்கள். மாமியாரும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டு இஸ்தோப்பில் போய் உட்காரலாம். இதைப் படிக்கிற மாமிமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

சுவர், பயம், இரண்டையும் விட ஆழமான ஒரு காரணம் உண்டு. பேசாமலிருப்பதே நல்ல பெண்ணுக்கு அழகு என்று வளர்த்துவிட்டோம். நிகாஹின்போதே அது ஆரம்பமாகிறது. கன்னியின் மௌனமே அவளது சம்மதம் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் மனப்பாடம். நமது நாட்டில் 1951இல் இயற்றப்பட்ட முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. வலியின் கையொப்பமே போதுமாக இருந்தது. அந்த மௌனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் முப்பது வருடக் குடும்ப வாழ்க்கைக்கும் போர்த்திவிட்டார்கள்.

ஆனால் அந்த ஹதீஸ் முழுவதையும் வாசியுங்கள். கன்னியின் மௌனம் போதும் என்றது அவள் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா (ரழி) கேட்டதற்குப் பதிலாக. மணமாகி வாழ்ந்த பெண்ணைப் பொறுத்தவரை அவளிடம் கலந்து பேச வேண்டும், அவள் சொல்ல வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அவள் வாயால் சொன்னால்தான் அது சம்மதம். அப்படியென்றால் முதலிரவைக் கடந்த எந்தப் பெண்ணும் மௌனத்தால் பதில் சொல்கிற இடத்தில் இல்லை. ஷரீஅத் அவளிடம் பேச்சை எதிர்பார்க்கிறது. நாம்தான் அவளைக் கன்னியாகவே வைத்துக் காலம் தள்ளப் பார்க்கிறோம்.

"என்ன சொல்லைச் சொல்லிப் பேசுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நமது தமிழில் இது பற்றிய சொற்கள் இரண்டே இடத்தில் கிடைக்கின்றன. ஒன்று தெருவில் ஏசும் வார்த்தை. மற்றது டாக்டரின் வார்த்தை. இரண்டும் வீட்டுக்கு உதவாது. அல்குர்ஆனோ ஆடை, விளைநிலம், தொடுதல், ஒருவரோடு ஒருவர் கலந்துவிடுதல் என்று மறைமுகமான அழகிய சொற்களால் பேசுகிறது. நம் பெண்களும் ஒரு சொல்லை ஏற்கனவே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். "எனக்குத் தொழுகை இல்லை" என்றால் கணவனுக்கு விளங்கிவிடும். மானமும் போகவில்லை, விஷயமும் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்களில் உடலுறவு மட்டுமே தடை, அன்பும் அணைப்பும் தடையல்ல என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். இதேபோல விருப்பத்துக்கு ஒரு சொல், களைப்புக்கு ஒரு சொல், "மெதுவாக" என்பதற்கு ஒரு சொல் என்று இருவருமே உண்டாக்கிக்கொள்ளுங்கள். பக்கத்துக் காம்பராவில் கேட்டாலும் அவர்களுக்கு விளங்காது.

கணவர் கெட்ட வார்த்தை பேசுகிறாரே, கூடுமா என்றும் ஒரு கேள்வி. இருவரும் விரும்பித் தமக்குள் வைத்துக்கொள்ளும் கொஞ்சு மொழியில் நான் தலையிட மாட்டேன். ஆனால் மனைவியை இழிவாக்கும் சொல், இன்னொரு பெண்ணோடு ஒப்பிடும் சொல், அவள் மனம் சுருங்கும் சொல் வேண்டாம். விளையாட்டுக்குக்கூட தலாக் என்ற சொல் அந்தப் பக்கம் வரவே கூடாது. அது விளையாட்டிலும் நிஜமாகிவிடும் என்பதை ஹதீஸ் எச்சரிக்கிறது.

சொல்லியே ஆகவேண்டிய ஒரு விஷயம் வலி. எத்தனையோ சகோதரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறார்கள். பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் உடலில் ஹோர்மோன் குறைவதால் உள்ளே வறட்சி ஏற்பட்டு வலிக்கும். கிருமித் தொற்றாலும் வலிக்கும். பயத்தால் உடல் தானாகவே இறுகிக்கொள்வதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது. வீட்டுக்கு வரும் குடும்ப நல மாதுவிடம் சொல்லுங்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்களின் சுகவனிதையர் கிளினிக்கும் இருக்கிறது. ஆனால் முதலில் கணவனிடம் "வலிக்குது, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல வாய் வர வேண்டும். அவருக்கும் தேவை முடிந்ததும் விலகிவிடாமல், மனைவியின் தேவை நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டும் என்று அதே இஹ்யாவில் இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். அவளுக்கு அது தாமதமாக வரலாம் என்ற காரணத்தையும் சொல்கிறார். 900 வருடங்களுக்கு முன்! அவள் வாய் திறக்காவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

"மறுத்தால் மலக்குகள் சபிப்பார்களே" என்று கேட்பவர்களும் உண்டு. அது ஸஹீஹான ஹதீஸ், மறைக்கத் தேவையில்லை. இமாம் நவவீ (ரஹ்) அதற்கு விளக்கம் எழுதும்போது மார்க்க ரீதியான காரணமின்றி மறுப்பதைத்தான் அது குறிக்கும் என்கிறார். நோய் ஒரு காரணம். வலி ஒரு காரணம். பல தோட்டங்களில் ஒரு நாள் பெயருக்குக் கொழுந்து 18 கிலோ வரை கேட்கிறார்கள். அட்டைக்கடியோடு மலையேறி இறங்கி அதைப் பறித்துவிட்டு, வந்து அடுப்பையும் பார்த்த பெண் "இன்னைக்கி ஏலாது" என்றால், அது மறுப்பு அல்ல, நிலைமை. அதைக் காதில் வாங்கிக்கொள்வதும் நல்ல முறையில் வாழுங்கள் என்ற அல்லாஹ்வின் கட்டளையில் சேர்ந்ததே. மனைவியின் உடம்பைக் கேட்காமல் ஹதீஸை மட்டும் எடுத்துக் காட்டுகிற கணவனிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆண்களின் மௌனமும் இருக்கிறது. நீரிழிவும் சில பிரஷர் மருந்துகளும் ஆணின் பலத்தைக் குறைக்கும். கணவர் சொல்ல வெட்கப்பட்டுக் கொழும்புக் கடையிலேயே தங்கிவிடுகிறார். இவள் வேறொருத்தி இருப்பாளோ என்று அழுகிறாள். இருவரும் பேசினால் ஒரு டொக்டரிடம் போவதோடு முடிகிற காரியம்.

தூரத்தில் இருப்பவர்கள் போனில் அன்பாகப் பேசிக்கொள்வது நல்லதுதான். ஆனால் பதிவு செய்யாதீர்கள், படம் அனுப்பாதீர்கள். போன் தொலையும், பழுதுபார்க்கும் கடைக்குப் போகும், பிள்ளையின் கைக்கும் போகும். படுக்கையறை இரகசியத்தை வெளியே பரப்புபவரை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தது முஸ்லிமில் உள்ளது. அது ஆண்களின் கடை வாசல் பேச்சுக்கும் பெண்களின் பீலிக்கரைப் பேச்சுக்கும் பொருந்தும்.

இனி அந்தப் பிள்ளை. பேச்சு வராத பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் குறைபாடு காதில்தான். காது கேட்டால்தானே பேச்சு வரும்! தாய் கர்ப்பமாக இருக்கும்போது வரும் ஜேர்மன் சின்னமுத்து, பரம்பரை, பிறந்தவுடன் கடுமையாக வரும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் எனப் பல காரணங்கள் உண்டு. காது நன்றாக இருந்தும் வேறு காரணங்களால் பேச்சுத் தாமதமாவதும் உண்டு. பெற்றோர் எந்த நேரத்தில் பேசினார்கள் என்பது இவற்றில் எதிலும் இல்லை. மாறாக, சீக்கிரம் கண்டுபிடித்துக் காதுக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் பேசுகிறார்கள். அதற்கு ஆரம்ப வருடங்களே மிக முக்கியம். அவற்றில் இரண்டு வருடம், தாயைக் குற்றவாளியாக்கியதிலேயே போய்விட்டது. பிள்ளையின் காதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அவரிடம் இதைச் சொல்லச் சொன்னேன். என் மனைவி போனில் சொன்னபோது மறுபக்கத்தில் வெகுநேரம் சத்தமே இல்லையாம். பிறகு, "அப்ப நான் அவரோட பேசலாமா?" என்று மட்டும் கேட்டாராம். போன வாரம் கணவரும் மனைவியும் சேர்ந்தே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். காதுப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்களாம்.